உதிராத முகம்

மெல்போ கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. கூட வந்தவள் கீழ்வீட்டு ஃபோத்தூலா. துக்கம் பாதி, வேடிக்கை பார்க்கும் ஆசை பாதி. ஏதென்ஸில் செத்தவனுக்கு மண்ணில் மூன்று வருஷம்தான் இடம். அப்புறம் தோண்டி, எலும்பை ஒயினில் கழுவிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

மெல்போவின் மகன் ஸ்தாத்திஸ் மூன்று வருஷம் முன்னால் பைக்கிலிருந்து விழுந்து செத்தவன். இருபத்தாறு வயசு. அன்றைக்கே சவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்டல் வண்ணக் கட்டியால் அவன் முகத்தை வரைந்தாள் அவள். ஓவியக்காரி, அழத் தெரியாமல் வரைகிறாள் என்று தெரு மன்னித்தது. படத்தைத்தான் மன்னிக்கவில்லை. பச்சைக் கன்னம், ஆரஞ்சு இமை, ஊதா உதடு, கத்தப் போவதுபோல் திறந்த வாய். பெற்ற பிள்ளையை எவள் அப்படி வரைவாள்? பாஸ்டல் என்பது பொடி, ஊதினாலே உதிரும். ஒரு துகளும் போய்விடக் கூடாதென்று பசைத் தெளிப்பை டப்பா டப்பாவாக அடித்து வைத்தாள்.

குழிக்குள் வெட்டியான் திமோஸின் மண்வெட்டி நின்றது.

“அம்மா, உங்க பையன் இன்னும் கரையலை.”

ஃபோத்தூலா சிலுவை போட்டுக்கொண்டாள். “கரையலைன்னா யாரோ விடாம புடிச்சு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.”

“அது கிடக்கட்டும். மூஞ்சியில என்ன இது, சாயமா?”

மெல்போ குனிந்தாள். பச்சைக் கன்னம். ஆரஞ்சு இமை.

ஒரு துகள்கூட உதிரவில்லை.

“பக்கத்துலயே இருடி, ஃபோத்தூலா. அவனைத் தனியா விட்டுடாதே,” என்றவள் டாக்ஸி பிடித்து வீட்டுக்கு ஓடினாள்.

மதியத் தூக்க நேரம். தெருவில் எல்லா ஜன்னலும் சாத்திக் கிடந்தன. அரை இருட்டு அறையில் பசை நாற்றம். அதற்கடியில் ஈரமண் வாசனை.

அது நேற்று இல்லை.

ஓவியக்காரர்கள் அழிக்கிற வழக்கப்படி ரொட்டியைப் பிய்த்து, பசை கரைய ஸ்பிரிட்டில் நனைத்துப் படத்தைத் தேய்த்தாள்.

“போயிடுடா கண்ணு. அம்மா விட்டுடறேன்.”

நெற்றி போயிற்று. இமை போயிற்று. கன்னமும் போயிற்று.

செல்போன் அடித்தது. பிறந்ததிலிருந்து கிசுகிசுப்பாகப் பேசி அறியாத ஃபோத்தூலா கிசுகிசுத்தாள்.

“நெத்தி எலும்பாயிடுச்சு, மெல்போ. கன்னமும். என் கண்ணு முன்னால. அங்கே என்ன பண்றியோ, நிறுத்தாதே.”

மிச்சம் வாய் மட்டும். ரொட்டி ஊதா உதட்டைத் தொட்டது.

“அம்மா.”

மூன்று வருஷமாகக் கேட்காத குரல்.

“உனக்குக் கேட்டுச்சா?” என்றாள் மெல்போ போனில்.

“கேட்டுச்சு. இங்கே குழியிலேருந்துதான் வந்துச்சு. அழிச்சிடுடி. பாவம், புள்ள போகட்டும்.”

மெல்போவும் அதைத்தான் நினைத்தாள். இன்னும் ஒரே ஒரு தேய்ப்பு. கையைப் படத்துக்குக் கொண்டுபோனாள். ரொட்டி பக்கத்தில் வரும்போதெல்லாம் அவன் கூப்பிட்டான். சின்ன வயசில் ஜுரத்தில் கூப்பிடுவானே, அப்படி.

ரொட்டியைக் கீழே வைத்தாள். படத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவை கூப்பிடுடா.”

கூப்பிட்டான். திமோஸ் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.

அந்தக் குழியை மறுபடி மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் மதியம் யாரும் தூங்குவதில்லை.