சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள்

மெர்டேக்காவுக்கு, மலாயா விடுதலைக்குப் பிறகு வந்த மூன்றாவது போகி. மலாக்காவின் காஜா பேராங்கில் ஏகாம்பரத்தின் வீட்டு முன்னால் கலியாணசுந்தரம் சைக்கிளை நிறுத்தியபோது, குடும்பமே வெளியில் நின்றது. கதவு சாத்தியிருந்தது.

அவன் புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரின் மகன். கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. விடுதி கிடைக்காவிட்டால் அந்த இடமும் வீண்தான். வெளியில் அறை எடுத்துச் சாப்பிட அப்பாவின் சம்பளம் காணாது. விடுதி விண்ணப்பத்தில் அரசாங்க ஆபீஸ் கிராணியான ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரையான சாப்பைக் குத்த வேண்டும். இன்றே தபாலில் சேர்க்க வேண்டும்.

"சாப் உள்ள இருக்கு தம்பி," என்றார் ஏகாம்பரம், தட்டுத் தடுமாறிய தமிழில். மலாக்கா செட்டிகளுக்கு வீட்டில் மலாய்தான். "இப்ப எங்க தாத்தா பாட்டிங்க சாப்பிடுறாங்க. செத்தவங்க. நான் கதவைத் தட்டுற வரைக்கும் யாரும் போகக்கூடாது. துங்கு..." என்று மலாயில் தொடங்கித் தமிழுக்கு மாறினார். "கொஞ்சம் பொறு."

"தபாலாபீஸ் சாத்திடுவாங்களே ஐயா!"

"பொறுன்னா பொறுலா."

செத்தவர்கள் சாப்பிடுகிறார்களாம். கலியாணசுந்தரம் ஒன்றுக்குப் போகிறவன்போல் பின்பக்கம் நழுவினான். சமையலறைக் கதவு தள்ளியதும் திறந்துகொண்டது.

வெளியே நல்ல வெயில். உள்ளே கண் தெரியவில்லை. சாம்பிராணிப் புகை, மீன் குழம்பு, அதற்கெல்லாம் அடியில் நனைந்த மண்ணின் வாடை. தரையில் வரிசையாக வாழை இலைகள். அலமாரியின் மேல் சாப்.

மெல்லும் சத்தம் கேட்டது.

நிதானமாக, ஈரமாக, பல வாய்கள்.

இலைகளுக்கு முன்னால் யாரும் இல்லை. அவன் சாப்பை எடுத்தான்.

சத்தம் நின்றது.

"சுடாஹ் மாக்கான்?"

கிழவியின் குரல். அவன் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

சாப்பிட்டாயா என்று மலாக்காவில் எதிரே வருகிற எல்லாரும் கேட்பதுதான். வாய் தானாகப் பதில் சொன்னது.

"பெலும்." இன்னும் இல்லை.

ஓர் இலை தரையை உரசிக்கொண்டு வந்து அவன் காலடியில் நின்றது.

வந்த வழியே வாசலுக்கு ஓடினான்.

ஏகாம்பரம் கதவைத் தட்டித் திறந்தார். இலை வரிசையின் நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தது. அவர் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் கையிலிருந்த சாப்பையும் பார்த்தார்.

"என்னா கேட்டாங்க உன்னை?"

சொன்னான்.

"சாப்பிட்டேன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே! பசியோட ஒருத்தன் நிக்கிறப்ப எங்க ஆளுங்க உக்கார மாட்டாங்க. வா, இப்பவே அந்த இலையில ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்க. இல்லாட்டி உன்கூடவே வந்துடுவாங்க."

"நேரமில்ல ஐயா. குத்துங்க."

அவர் கையெழுத்துப் போட்டுக் குத்தினார். உள்ளே பார்த்துக்கொண்டே குத்தியதில் மை இழுபட்டது.

அன்று தொடங்கி வீட்டில் அவன் நின்றபடியே சாப்பிட்டான். உட்கார்ந்தால் பக்கத்தில் துணி சரசரத்தது. அம்மா திட்டினாள்.

விடுதி கிடைத்தது.

அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் நின்று சாப்பிட விடமாட்டார்கள். முதல் நாள் மத்தியானம் ஆளில்லாத நீள பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். சமையல்காரர் அப்பாசாமி தட்டை வைத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"என்ன தம்பி, ஊர்லேருந்து எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டியா?" என்றார். "வயசானவங்கள நிக்க வச்சிருக்கியே. உக்காரச் சொல்லு."

அவன் திரும்பவில்லை. பசி தாங்கவில்லை. சோற்றில் கை வைத்தான்.

பெஞ்சின் அந்தக் கோடி முனகியது.

பிறகு நடு.

பிறகு, அவன் தோளை ஒட்டி.