பின்கட்டடம் – நன்று

பின்கட்டடத்தின் சாவி அவளுடைய கைப்பையில் இருந்தது. பூட்டிய அந்தப் பின்கட்டடத்துக்குள் யாரோ சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை அரைநாள், எல்லாரும் கிளம்பும் நேரம், நாற்காலிகள் இழுபடும் சத்தம், டிபன் டப்பாக்கள் மூடும் சத்தம், மாடிப்படியில் இறங்குகிறவர்களின் சிரிப்பு, இத்தனைக்கும் நடுவே எங்கோ டக் டக் என்று கேட்டால் யார் சட்டை செய்வார்கள்? மின்கம்பி வேலைக்காகப் புதன்கிழமையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். அந்த உறுமல் அடங்கியதும் காதிலிருந்து பஞ்சை எடுத்ததுபோல் இருந்தது. அதன் பிறகுதான் இது கேட்க ஆரம்பித்தது. இரண்டு தட்டு. சற்று நிறுத்தம். மறுபடி இரண்டு தட்டு, முன்னதைவிடக் கொஞ்சம் தள்ளி.

அந்தத் தட்டு அவளுக்குத் தெரியும். அதை ஊருக்கெல்லாம் சட்டமாக எழுதி வைத்தவளே அவள்தான்.

அவள் அந்தப் பயிற்சி நிறுவனத்தின் பராமரிப்பு அதிகாரி. மாணவர் விடுதியில் ஒரு கைப்பிடிச் சுவர் இடிந்து விழுந்து, நல்லவேளையாக யார் தலையிலும் படாமல் போனபோது, இயக்குநருக்குத் திடீரென்று ஞானம் வந்தது. "நம்மகிட்ட பராமரிப்புக் கொள்கைன்னு ஒண்ணு எழுத்துல இருக்கா?" என்று கேட்டார். இல்லை. எழுதச் சொன்னார். அவளும் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினாள். எந்த மின்விசிறி எத்தனை வருஷம் சுற்றலாம், எந்த பம்புக்கு எப்போது எண்ணெய், எந்த நாற்காலியை எப்போது தூக்கிப் போடலாம் என்று குப்பைக்கூடையைக்கூட விட்டுவைக்கவில்லை. அதில் அவளுக்கே ரொம்பப் பிடித்த வரி ஒன்று உண்டு: 'தட்டிப் பார்க்காமல் எந்தக் கட்டடத்தின் நிலையையும் எழுதக் கூடாது.'

வேலை பெரிய வித்தையெல்லாம் இல்லை. சின்னச் சுத்தியலால் சுவரையும் கூரையையும் தட்டிக்கொண்டே போக வேண்டும். பூச்சு கெட்டியாக இருந்தால் டக் என்று கேட்கும். உள்ளே சுவரை விட்டு விலகியிருந்தால் டொப் என்று கேட்கும். டொப் கேட்ட இடத்தைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். பிறகு உளியை வைத்து வட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் கொத்தி எடுத்துவிட வேண்டும். வியாழக்கிழமை கூட்டத்தில் இயக்குநர் அந்த வரியை உரக்கப் படித்து, "இந்த ஒரு வரிக்கே கைதட்டலாம்" என்றார். தட்டவும் செய்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மற்றக் கட்டடங்களையெல்லாம் தட்டிப் பார்த்தாயிற்று. பின்கட்டடம் மட்டும் பாக்கி. ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த இரண்டு மாடி. திங்கட்கிழமை புதிதாக வரும் பிள்ளைகளை அங்கேதான் தங்கவைக்கப் போகிறார்கள். புதன்கிழமை மத்தியானம் அவளுக்கு இடுப்பு வலி. வலி என்பதைவிடச் சலிப்பு. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சுத்தியலையும் சாவியையும் கையில் கொடுத்து அனுப்பினாள்.

சூப்பர்வைசரை ஆபீஸ் முழுக்க மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். சாக்கடை அடைப்பை எடுக்க வந்தாலும் தேய்த்த சட்டை, வகிடு எடுத்த தலை, கழுத்து நிறைய பவுடர், பளபளக்கும் ஷூ என்று பெண் பார்க்க வந்தவர்போல வருவார். ஆள் வந்து நிற்பதற்கு முன்னால் பவுடர் வாசனை வந்து நிற்கும். வேலைக்கும் அவருக்கும்தான் வெகுதூரம். "இதோ முடிச்சிட்டேன் மேடம்" என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

அவர் திரும்பி வரும்வரை காத்திருக்காமலேயே அவள் அறிக்கையைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டாள். பின்கட்டடம் – நன்று.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. பூட்டு வளையத்தில் தொங்கியது, சாவியோடு. 'பாதியில விட்டுட்டுக் கம்பி நீட்டிட்டார், பாரு' என்று மனதுக்குள் திட்டியபடி கதவை இழுத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு குரல் கொடுக்கவில்லை. கொடுத்தால் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தால் அந்த 'நன்று' நிற்குமோ நிற்காதோ. அதற்குப் பயந்துதான் கூப்பிடவில்லை. அது அப்போதே அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை வேலைக்கு வரவில்லை. போனும் அணைந்திருந்தது. சாயங்காலம் அவர் மனைவி கூப்பிட்டாள்.

"மேடம், நான் சூப்பர்வைசர் வீட்லேர்ந்து பேசறேன். நேத்துலேர்ந்து அவர் வீட்டுக்கு வரலைங்க. அங்கதான் வேலையா இருக்காரா?"

அவர் இப்படிச் சிநேகிதர்களோடு காணாமல் போவது புதிதல்ல. இருந்தாலும் 'இங்கே இல்லையே' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பின்கட்டடத்தை யார் தட்டிப் பார்த்தது என்ற கேள்வி வரும். கைதட்டல் ஓய்ந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"ஆமாம்மா. பின்கட்டடத்துல வேலை. ராத்தங்கிச் செய்யறார். கவலைப்படாதீங்க."

"அப்பாடா" என்றாள் அந்தப் பெண். "பாப்பாவுக்கு லேசா ஜுரம். அதான் தேடினேன். நீங்க சொன்னா சரிங்க மேடம்."

நீங்க சொன்னா சரி. அந்த வார்த்தை இரண்டு நாளாக அவள் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது, டக் டக்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் முகம் சுட்டது. உள்ளே ஒரு மனுஷனை வைத்துப் பூட்டியிருக்கிறோம், மூன்று நாளாகத் தண்ணீர்கூட இல்லாமல் கிடக்கிறார் என்று புரிந்த அந்த நொடியிலும், அவள் முதலில் யோசித்தது மற்றவர்கள் போகட்டும் என்பதைத்தான். சீ என்று இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அலுவலக உதவியாளர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்தார். "மேடம், பின்னாடி என்னமோ சத்தம் கேக்குது, கவனிச்சீங்களா?"

"பூனையா இருக்கும்."

"பூனை இப்படியா தட்டும்?"

"நான் பார்த்துக்கறேன், நீங்க கிளம்புங்க."

அவர் போனபிறகு ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். முற்றத்தைத் தாண்டும்போது என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். தெரியாம நடந்துபோச்சுங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வானம் மழைக்கு இருண்டு, பட்டப்பகலிலேயே சாயங்காலமாகிவிட்டது. ஜெனரேட்டர் கொட்டகையில் டீசல் நாற்றமும், சூடு ஆறாத இரும்பின் மெல்லிய முனகலும் இருந்தன. அவற்றைத் தாண்டியதும் தட்டல் தெளிவாகக் கேட்டது. அடைபட்டவன் கதவைத் தட்டுகிற தட்டல் இல்லை அது. அவசரமே இல்லை. இரண்டு தட்டு, நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டு, நகர்ந்து மறுபடி இரண்டு. வேலை நடந்துகொண்டிருந்தது.

பூட்டைத் திறந்தாள். உள்ளிருந்து ஈரச் சுண்ணாம்பின் குளிர்ந்த மூச்சு முகத்தில் அடித்தது. அதோடு கலந்து பவுடர் வாசனை.

"மாப்பிள்ளை? உள்ள இருக்கீங்களா? நான்தான்."

மாடியில் தட்டல் நிற்கவில்லை.

கைபேசி விளக்கைப் போட்டாள். நடைவழி முழுக்க வட்டங்கள். இடப்பக்கச் சுவரில், வலப்பக்கச் சுவரில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, வெள்ளை வெளேரென்று. இத்தனை டொப்பா? இதற்குள்ளா பிள்ளைகளைப் படுக்கவைக்கப் பார்த்தோம்? விளக்கை மேலே தூக்கினாள். கூரையிலும் வட்டங்கள் இருந்தன. அந்த உயரத்துக்கு ஏணி வேண்டும். ஏணி கிடங்கில் இருந்தது, கிடங்கின் சாவியும் அவளிடம்தான்.

படிக்கட்டில் ஏறினாள். பாதிப் படியிலிருந்து வட்டங்கள் வெறும் வட்டங்களாக இல்லை. உள்ளே இருந்த பூச்சைக் கொத்தி எடுத்தாகியிருந்தது. ஓரம் பிசிறில்லாமல், செங்கல் தெரிய, கழுவித் துடைத்ததுபோலச் சுத்தமாக. ஒரு வேலையையும் முழுசாக முடித்தறியாத மனுஷன் வட்டம் வட்டமாக முடித்துவைத்திருந்தார். கீழே ஒரு துண்டுப் பூச்சு இல்லை. தூசிகூட இல்லை. கொத்தி எடுத்ததெல்லாம் எங்கே போயிற்று?

டக் டக்.

கடைசி அறையிலிருந்து வந்தது. பவுடர் வாசனை அங்கே இல்லை. வேறு வாசனை இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணி கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

டக்.

வாசலில் நின்று விளக்கை நீட்டினாள்.

தட்டல் நின்றது.

அறையில் பாதிக் கூரை தரையில் கிடந்தது. ஒரே பாளமாக விழுந்திருந்தது. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பளபளப்பான ஷூ. அதன்மேல் தூசி படிந்து, இறுகி, வெடிப்பு விட்டிருந்தது. ஒரு கை பக்கவாட்டில் கிடந்தது. விரல்கள் சுத்தியலைப் பிடித்திருப்பதுபோல மடங்கியிருந்தன. சுத்தியல் இல்லை.

இன்றைக்கு விழுந்தது இல்லை. நேற்றும் இல்லை. அவள் சாவியைத் திருப்பியபோதே அவர் இதற்கு அடியில்தான் இருந்தார். உயிர் இருந்ததா? ஒரு குரல் கொடுத்திருந்தால் பதில் வந்திருக்குமா? பாட்டில் கையிலிருந்து நழுவி உருண்டது. அவள் அழவில்லை. அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது. வெட்கம் காலிலிருந்து உச்சிவரைக்கும் வெந்நீராக ஏறியது.

அறையில் வேறு யாரும் இல்லை. சுவர்களில் பாக்கி இல்லாமல் வட்டங்கள். எல்லாம் முடிந்திருந்தது.

அப்படியானால் இவ்வளவு நேரம் தட்டியது?

கைபேசி அடித்தது. விளக்கு நடுங்கியது. அவர் வீட்டு நம்பர்.

எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தாள்.

"மேடம்." அந்தப் பெண்ணின் குரலில் சிரிப்பு. "வந்துட்டாருங்க. இப்பத்தான். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்னு."

அவள் கால்களைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள்.

"யாரும்மா?"

"என்னங்க மேடம், எங்க வீட்டுக்காரர்தான். மேலெல்லாம் ஒரே சுண்ணாம்பு. முகமே தெரியலை. எவ்வளவு வேலை வாங்கினீங்களோ, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறார்." குரல் சற்றுத் தணிந்தது. "வந்ததுலேர்ந்து சுவரைத் தட்டிக்கிட்டே இருக்கார். அடுப்படி, கூடம், எல்லாம். இங்கயும் நீங்கதான் வேலை குடுத்தீங்களா?"

போனுக்குள் கேட்டது. டக் டக். நிறுத்தம். டக் டக்.

சொல்ல வேண்டும். அவர் இங்கே கிடக்கிறார்மா, உன் வீட்டில் இருப்பது அவர் இல்லை, வெளியே ஓடு. இவ்வளவுதான். சொன்னால் அடுத்த கேள்வி, அவர் ஏன் அங்கே கிடக்கிறார்? யார் பூட்டினது? அன்னைக்கு என்கிட்ட என்ன சொன்னீங்க? தயங்கினாள். அரை நொடிதான். அந்த அரை நொடிக்குள் வாய் பழக்கத்துக்கு ஓடிவிட்டது.

"அசதியா இருப்பார்மா" என்றது அவள் குரல். "நல்லா வேலை செஞ்சார். ஓய்வெடுக்கட்டும்."

"சரிங்க மேடம். நீங்க சொன்னா சரி."

டக் டக். டக் டக். பிறகு சத்தம் மாறியது. சுவர் இல்லை. மரமும் இல்லை. மெதுவாக.

டொப்.

"ஐயோ, தூங்கற பிள்ளையைப் போய்த் தட்டறார் பாருங்க. ஏங்க, ஜுரத்துல இப்பத்தான் கண்ணை மூடிச்சு."

"அம்மா" என்றாள் அவள். "அம்மா, கேளுங்க."

"சொல்லுங்க மேடம்."

சொல். சொல்லிவிடு. உதடு அசைந்தது. காற்று வந்தது. வார்த்தை வரவில்லை.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?" அந்தப் பெண் போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்து யாருக்கோ பதில் சொன்னாள். திரும்பி வந்தபோது குரலில் சிரிப்பு பாதிதான் இருந்தது. "பாப்பா நெத்தியில சாக்பீஸால வட்டம் போட்டிருக்காருங்க. இப்பத்தான் வாயையே திறக்கறார். உளி எங்கன்னு கேக்கறார்."