யார் ஜாடை?

"உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

மழையில் தொப்பலாக நனைந்து, பிரசவ வார்டு வாசலில் நின்றவன் கேட்ட முதல் கேள்வி இது. உள்ளே ஒரு தாய், மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைக்காகக் கதறிக்கொண்டிருந்தாள். அதைத் துணியில் சுற்றிக் கொடுத்த கையோடு, அவன் அக்காவின் கட்டிலுக்குச் சிரித்துக்கொண்டே போனாள் அந்த நர்ஸ்.

"உங்க அக்காவுக்கு வலி எடுத்திருக்கு. நான் அழணுமா, பிரசவம் பாக்கணுமா? சொல்லுங்க."

நீர் சொட்டும் இமைகளுக்குக் கீழே அவன் கண்கள்... கோபமா, பயமா? அவள் ஒரு கணம் கூடுதலாகவே பார்த்துவிட்டாள்.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் அவள் எதிரே வந்து நின்றான். லிஃப்ட் மெக்கானிக்காம். விரலெல்லாம் கிரீஸ்.

"மன்னிப்பு கேக்க வந்தேன்."

"கேளுங்க."

"கேட்டுட்டேனே!"

"எனக்குக் கேக்கலையே..."

அதற்குப் பிறகு மாலைதோறும் வந்தான். "இன்னிக்குப் பிறந்த பாப்பா யார் ஜாடை?" என்பான். அவளுக்குத் தெரியாது. எத்தனையோ வருஷமாகக் கடனே என்று பார்த்த வேலை. முகங்களை எங்கே பார்த்தாள்? அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே பார்க்கத் தொடங்கினாள். முதல் அழுகைச் சத்தத்துக்கு நெஞ்சு துள்ளியது. "என்னடி, நேத்து வேலைக்குச் சேந்தவ மாதிரி குதிக்கிற?" என்று தலைமை நர்ஸே கேலி செய்தாள்.

ஆனால் திறந்த மனசுக்குள் சந்தோஷம் மட்டுமா வரும்? ஒரு மத்தியானம், பிரசவத்துக்கு வந்த ஒரு சின்னப் பெண், ரத்தப்போக்கு நிற்காமல் அவள் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். அன்று மாலை அவன் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அவன் பதறிப்போனான்.

"கல்யாணம் பண்ணிக்கலாம்... ஆனா இந்த வேலை வேணாம். அம்மாவும் அதான் சொல்றாங்க."

"வேலைய விடமாட்டேன்."

"அப்ப நான் முக்கியமில்ல?"

அவள் எழுந்து வார்டுக்குள் போய்விட்டாள். அவனும் வருவதை நிறுத்திக்கொண்டான். ரோஷம்... இரண்டு பேருக்கும்தான்.

கடைசியில் அவளே போனாள். பாதி கட்டிய கட்டடம் ஒன்றில், லிஃப்ட் கதவைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. இத சொல்லாமலே இருந்துட்டேன்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப வேலைய..."

"கேளுங்க. மரக்கட்டையா இருந்தவள மனுஷியா ஆக்குனது நீங்க. இப்பதான் அந்த வேலை எனக்கு உயிரா இருக்கு. அத விட்டுட்டு வந்தா, மறுபடியும் மரக்கட்டைதான் உங்க வீட்டுல நடமாடும். உங்களுக்குப் பிடிச்சவ வரமாட்டா."

ஸ்பேனரைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க," என்றான், நிமிர்ந்து பார்க்காமல்.

"சரி," என்றாள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்காரி பார்ப்பாளே என்றுகூட நினைக்காமல் அழுதாள். முந்தியெல்லாம் அழுகை வராது. இனிமேல் வந்துகொண்டேதான் இருக்கும் என்று தெரிந்தது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இறங்கி, ஈர முகத்தோடே ஓடினாள்.