பத்தாவது ஜோடி

1916 பனிக்காலம். பெல்ஜியத்தில் குண்டுவீச்சில் இடிந்த ஒரு பண்ணைவீட்டில் மிஞ்சியிருந்தது நிலவறை மட்டும். கேப்டன் மெர்வின் ஹாடோ மதியம் அதற்குள் இறங்கினார். நனைந்த கம்பளி நாற்றம். திமிங்கில எண்ணெய் நாற்றம்.

ஒன்பது சிப்பாய்கள் சுவரோரம் உட்கார்ந்து வெறுங்காலை நீட்டியிருந்தார்கள். பதுங்குகுழிச் சேற்றில் ஊறினால் கால் அழுகிவிடும். தினமும் ஒவ்வொரு காலையும் அதிகாரியே பார்த்து, அந்த எண்ணெயைத் தேய்த்தாக வேண்டும் என்பது உத்தரவு.

"கேப்டனே என் காலைப் புடிக்கிறாரு. எங்கம்மாகிட்ட சொன்னா நம்பமாட்டா" என்றான் பெல்வுட்.

"முதல்ல கழுவினியாடா அதை?" என்றார் சார்ஜென்ட் க்ரோதர்ஸ்.

சிரித்தார்கள். ஹாடோ நிமிர்ந்ததும் சிரிப்பு நின்றது.

அவரும் இவர்களோடு சிப்பாயாக வந்தவர்தான். அதிகாரியானதும் எல்லோருக்கும் சார் ஆகிவிட்டார். ஆர்வல் ஸ்டாக் மட்டும் கடைசிவரை மெர்வ் என்றே கூப்பிட்டான். ஊரில், ஒண்டாரியோக் காடுகளில், இருவரும் ஒன்றாக மரம் வெட்டியவர்கள்.

மூன்று வாரம் முன்பு முள்வேலியைச் சரிசெய்ய அவனை அனுப்பியவர் ஹாடோ. அவன் குண்டடிபட்டு அங்கேயே கிடந்தான். இரண்டு நாள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். யாரும் போகக்கூடாது என்றார் ஹாடோ. ஆட்களை வீணாக்காத அதிகாரி என்று மேலிடம் மெச்சிக் கேப்டனாக்கியது.

மெழுகுவத்தியோடு மண்டியிட்டு நகர்ந்தார். முகங்களைப் பார்ப்பதில்லை. ஏழு. எட்டு. ஒன்பது.

அடுத்தும் இரண்டு கால்கள் இருந்தன.

வெளுத்திருந்தன. தொட்ட விரல் மரத்துப்போனது.

இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

கோடரி தவறிய அன்று அந்தக் காயத்துக்குக் கட்டுப்போட்டவர் ஹாடோ.

"குளுருதுடா, மெர்வ்."

நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். சூடு ஏறவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"சார்," சார்ஜென்ட் காதோரம் குனிந்தார். "அங்க யாருமில்ல, சார். எழுந்திரிங்க."

கைக்கடியில் ஈரச் செங்கல்.

வசந்தத்தில் மேஜர் பதவி வந்தது. போர்முனைக்கு வெகு பின்னால், மேஜை வேலை. கணப்பு, கட்டில், பூட்டுள்ள கதவு. தப்பித்தோம் என்று நினைத்தார். ஒரு வாரம் நன்றாகத் தூங்கினார். அந்த ஒரு வாரத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

எட்டாம் நாள் பணியாளிடம் திமிங்கில எண்ணெய் கேட்டார்.

"இங்க ஏது சார் சேறு? யாருக்கு?"

போத்தலை வாங்கிக்கொண்டார். கணப்பின் முன்னால் அதை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிப் படுத்தார்.

விடிந்தபோது கதவு பூட்டியபடியே இருந்தது. போத்தலின் தக்கை கழன்று கிடந்தது. பலகைத் தரையில் எண்ணெய் படிந்த இரண்டு பாதச்சுவடுகள். இடது பாதத்தில் நான்கு விரல்.

அவை கட்டிலை நோக்கி இருந்தன.