படகின் பெயர் திரௌபதி

கல்யாணமாகி மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் என்னைச் சமுத்திரம் ஏரிக்கு அழைத்துப் போய்ப் படகைக் காட்டினார். 1982, கார்த்திகை மாதம். ஏரி நிரம்பிக் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூரில் நெல் வயலும் மணிலாக்கொட்டைக் கொல்லையும் பார்த்து வளர்ந்தவளுக்குப் பாய்மரப் படகு அதிசயமாகத்தான் இருந்தது. பச்சை வர்ணம் அடித்த உடம்பு, மேலே வெள்ளைப் பாய். பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் ஒரு பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். திரௌபதி.

"அம்மன் பேருங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.

அவருடைய முதல் மனைவியின் பெயர் எனக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் முருகையன் தச்சர். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவருக்குக் கடல் ஞாபகம் வந்துவிட்டதாம். அவர் படம் வரைந்து கொடுக்க, இவர் மரம் இழைத்துப் படகைக் கட்டியிருக்கிறார். வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது படகை இவரிடமே விட்டுவிட்டுப் போனார். அப்போது திரௌபதி உயிரோடு இருந்தாள். நன்றாகப் பாடுவாளாம். சாயங்காலம் ஏரிக் காற்றில் பாய் விரித்து, அவள் முன்பக்கம் உட்கார்ந்து பாட, அவருடைய சிநேகிதர் கோதண்டராமன் ஆர்மோனியம் வாசிக்க, வெளியூர்க்காரர்கள் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே குளிர்ந்ததாக ஏதாவது குடிக்க, அப்படித்தான் அந்தச் சாயங்காலச் சவாரி ஆரம்பித்தது. 1980ல் மஞ்சள் காமாலையில் அவள் போய்ச் சேர்ந்தாள். சவாரி மட்டும் நிற்கவில்லை.

செத்தவளோடு என்ன போட்டி என்று நீங்கள் கேட்கலாம். உயிரோடு இருக்கிறவள் என்றால் சண்டை போடலாம். அவள் சமையலில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லலாம். செத்தவளிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. "திரௌபதிய தொடச்சியா?", "திரௌபதிக்கு எண்ணெ போட்டியா?", "திரௌபதி மேல வெயில் படுது பாரு." அவர் படகைத்தான் சொல்கிறார். ஆனாலும் ஒரு நாளைக்குப் பத்து முறை அந்தப் பெயர் என் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. என்னை "இந்தா" என்பார். சந்தோஷமாக இருந்தால் "ஏம்மே". என் பெயர் சரோஜா. நாக்குக்குச் சிரமம் தராத பெயர். ஒரு முறை, ஒரே ஒரு முறை, அவர் வாயிலிருந்து அதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறியாகவே இருந்தது.

எங்கள் பக்கத்தில் இரண்டாம் தாரமாக வருகிறவள் மூத்தவளுக்குச் செய்ய வேண்டியது இரண்டு உண்டு. தாலிக் கயிற்றில் அவள் பேருக்கு ஒரு சின்னத் தங்கப் பொட்டு கோத்துக்கொள்ள வேண்டும். அதை மூத்தாள் பொட்டு என்பார்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை அவளைப் பூவாடைக்காரியாக வீட்டுக்கு அழைக்க வேண்டும். சுமங்கலியாகப் போனவள் தண்ணீரில்தான் தங்கியிருப்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஏரிக்கரைக்குப் போய்ப் பம்பை அடித்துக் கூப்பிட்டு, பூச் சுற்றிய சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து வீட்டில் வைத்து, புதுப் புடவை சாத்திப் படைக்க வேண்டும். முதல் வருஷம் செய்தேன். படையல் புடவை என் கல்யாணப் புடவையைவிட நன்றாக இருந்தது. அதோடு எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

இரண்டாம் வருஷம் தை மாதம், சவாரிக்கு ஆள் வருகிறார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்துவிட்டேன். என் நாத்தனார் கன்னியம்மாள் வாசலில் நின்று கத்தினாள்.

"அவ தண்ணியில காத்துனு இருப்பாடி. ஒரு சொம்பு தண்ணி மொண்டாற உனுக்கு அவ்ளோ கஷ்டமா?"

"நீங்களே போய்க் கூப்புட்டு உங்க ஊட்ல வச்சிக்குங்க அண்ணி" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

அந்த வாரமே அது நடந்தது.

அதற்கு முதல் நாள் அவர் படகின் பெயருக்குப் புதுச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. எனக்கு ஒரு நாளும் பொட்டு வைத்துவிடாத கை அது. மறுநாள் மூன்று மணிக்கு ஏரிப்படியில் டம்ளர் கழுவ உட்கார்ந்தவள், தாலிக் கயிற்றிலிருந்து மூத்தாள் பொட்டைப் பல்லால் கடித்து எடுத்துத் தண்ணீரில் போட்டேன். ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். கழுத்து லேசானது போல் இருந்தது.

அன்றைக்குச் சவாரிக்கு ஆறு பேர். மெட்ராஸிலிருந்து வந்த இரண்டு ஜோடி, ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த இரண்டு வெள்ளைக்காரிகள். தபேலாக்காரருக்குக் காய்ச்சல் என்று கோதண்டராமன் பம்பைக்காரர் சடையனைக் கூட்டி வந்திருந்தார். சடையன் படகில் கால் வைக்க மாட்டேன் என்று கரையிலேயே நின்றார்.

"தண்ணி மேல பம்ப அடிக்கிறதில்லம்மா. கரையில நின்னு கூப்புடத்தான் அடிப்போம்."

"இது கச்சேரிண்ணா, பூசையில்ல. சும்மா தாளத்துக்கு ரெண்டு தட்டு தட்டுங்க" என்றேன்.

அவர் என் கழுத்தைப் பார்த்தார்.

"மூத்தா பொட்டு எங்கம்மா?"

"அறுந்துடுச்சி."

"இந்த வருசம் அவள ஊட்டுக்குக் கூப்டீங்களா?"

"நேரமாவுது, ஏறுங்கண்ணா" என்றேன். வந்தவர்கள் முன்னால் மறுக்க முடியாமல் ஏறினார்.

காற்று நன்றாக இருந்தது. பாய் புடைத்துக்கொண்டு படகு நடு ஏரிக்கு வந்தது. மலை சிவந்து நின்றது. நான் மரத்தூள் போட்ட வாளியிலிருந்து ஐஸ் எடுத்து உடைத்து, ஆறு எவர்சில்வர் டம்ளர் நிரப்பினேன். பெண்களுக்கு ரோஸ்மில்க், ஆண்கள் இருவருக்கும் அவர்கள் கொண்டு வந்திருந்த பீர். கோதண்டராமன் ஆர்மோனியத்தை ஆரம்பித்தார். சடையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பம்பையை மெதுவாகத் தட்டினார். வெள்ளைக்காரிகளுக்குப் பம்பைதான் பிடித்திருந்தது. இன்னும், இன்னும் என்று கையைக் காட்டினார்கள். தட்டு வேகமாயிற்று. ஏரி முழுக்க அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது.

சூரியன் கரைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. எனக்கும் குரல் உண்டு என்று என் வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும் என்று பல நாளாக ஆசை. திரௌபதி உட்காருவாள் என்று அதுவரை யாரும் உட்காராமல் விட்ட முன்பலகையில் போய் உட்கார்ந்து ஒரு தாலாட்டை எடுத்தேன்.

இரண்டாவது அடியில் என் குரலோடு இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது.

வெள்ளைக்காரிகளில் ஒருத்தி என்று நினைத்தேன். அவர்கள் வாயில் டம்ளர் இருந்தது.

நான் பாட்டை நிறுத்தினேன். பாட்டு நிற்கவில்லை.

மஞ்சள் வாசனை வந்தது. அரைத்த மஞ்சள், மரிக்கொழுந்து, நனைந்த பட்டுப்புடவை. முன்பலகை என் பக்கத்தில் அழுந்தியது, கனமான ஒருத்தி வந்து உட்கார்ந்தது போல. படகின் மூக்கு ஒரு விரற்கடை தண்ணீரில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

சுக்கான் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து இல்லை. எனக்குப் பக்கத்தில்.

"எவ்ளோ நாளாச்சி" என்றார்.

நான் எழுந்து காலி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். கைக்கு வேலை கொடுத்தால் பயம் போகும் என்று பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறையும் அடுக்கிவிட்டேன். முன்பலகையில் ஏழாவது ஒன்று இருந்தது. அதன் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: மு. திரௌபதி. அவளுடைய சீர்ப் பாத்திரம். படையலுக்கு மட்டும் எடுக்கிறது. வீட்டில் டிரங்குப் பெட்டியில் நானே வைத்துப் பூட்டியது. அதில் வழிய வழிய ஏரித் தண்ணீர் இருந்தது.

காற்று நின்றது.

பாய் தொங்கிப்போயிற்று. படகு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"முருகையா, கரை இந்தப் பக்கம்பா" என்று கோதண்டராமன் குரலை இறக்கிச் சொன்னார். "அது மதகு. அங்க ஆழம் ஜாஸ்தி."

என் வீட்டுக்காரர் சுக்கானை விட்டுவிட்டு எழுந்தார். "அவ எறங்கறா" என்றார். "தனியா எப்படிப் போவா?"

ஒரு காலைத் தூக்கிப் படகுக்கு வெளியே வைத்தார்.

நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன். அவருடைய இன்னொரு கை தண்ணீர்ப் பக்கம் நீண்டிருந்தது. அதை யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இழுத்தால் அந்தப் பக்கமும் இழுத்தது. அந்தக் கையைப் பிரித்துவிடப் பார்த்தேன். என் விரலில் கண்ணாடி வளையல் பட்டது. குளிர்ந்த வளையல். அதற்குள் ஒரு மணிக்கட்டு இருந்தது.

சடையன் என் காதருகில் வந்தார்.

"கூப்புடும்மா. நீதான் கூப்புடணும். ஊட்டுக்கு வான்னு சொல்லு. இல்லன்னா இவன இட்டுனு போயிடுவா."

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்திலும் எனக்கு மனசு வரவில்லை. எனக்குக் கிடைக்காதவர் அவளோடேயே போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பாவி நான். அவருடைய இரண்டாவது காலும் பலகையை விட்டு எழுந்ததும்தான் வாய் திறந்தது.

"அக்கா" என்றேன். "வாக்கா. நம்ம ஊட்டுக்கு வாக்கா."

பிடி விட்டது.

நானும் அவரும் படகுக்குள் விழுந்தோம். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றைப் பிடித்தது. மெட்ராஸ்காரர்கள் நாடகம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். கரை சேரும்வரை சடையன் பம்பையைத் தொடவில்லை. மஞ்சள் வாசனை மட்டும் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். எனக்கு முன்னால் ஈரக் காலடிகள் உள்ளே போயின. அடுப்பங்கரை வரைக்கும் போய் நின்றன. திரும்பி வந்த காலடி எதுவும் இல்லை. காலையில் முகம் கழுவும்போது தாலிக் கயிற்றில் எதுவோ சில்லென்று இடித்தது. மூத்தாள் பொட்டு. ஒரு இழை பாசி அதில் சுற்றியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அந்தச் சாயங்காலம் எதுவும் ஞாபகமில்லை. மயக்கம் வந்துவிட்டது என்கிறார். படகை அந்த மாசியிலேயே பிரித்துப் போட்டுவிட்டார். ஏனென்று கேட்டதற்கு, "இனிமே எதுக்கு?" என்றார். அப்புறம் திரௌபதி என்ற பெயரை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஐந்து வருஷமாக நான் வைக்கிற குழம்பு என் கைப் பக்குவத்தில் இல்லை. அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுகிறார். இழை கோலம் போடத் தெரியாத என் வாசலில் விடிந்தால் இழை கோலம் இருக்கிறது. படுக்கையில் அவர் பக்கத்துத் தலையணை ஈரமாக இருக்கிறது. அது என் தலையணை.

நேற்று விளக்கு வைக்கிற நேரம். அவர் கூடத்தில் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். முகம் நிறைவாக இருந்தது. மெதுவாக உதட்டைப் பிரித்து, "சரோஜா" என்றார்.

ஏழு வருஷம் காத்திருந்த பெயர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் பதில் சொல்வதற்குள் அடுப்பங்கரையிலிருந்து, "இதோ வந்துட்டேங்க" என்று ஒரு குரல் வந்தது.

அவர் கண்ணைத் திறந்து, சிரித்தபடி அந்தப் பக்கம் திரும்பினார். நான் அவர் காலடியில்தான் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன்.