கொள்ளிக்குப் பழம்

வேங்கைமலையில் புகை எழுந்தால் நாலு நிமிஷத்தில் வானத்திலிருந்து வாழைப்பழம் விழும். அங்கே யாரும் இதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. மரத்துக்கு மரம் ஒட்டிவைத்திருக்கும் புகைமோப்பிகள், நெருப்பு கொழுந்துவிடும் முன்பே சருகு கருகும் வாசனையைப் பிடித்துவிடும். உடனே அடிவார முகாமின் கூரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அமுதூர்திகள் என்ற ஆளில்லாப் பறக்கும் எந்திரங்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கிளம்பிவிடும். தண்ணீர்ப் பை, பழம், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தீப்புண்ணுக்கு மேலிருந்தே தூவுகிற மருந்து எல்லாம் அவற்றின் வயிற்றில் இருக்கும். மனிதர்கள் இருக்கிற பக்கம் என்றால் அரிசியும் போர்வையும் சேர்ந்து வரும். தீயை அணைப்பது அவற்றின் வேலையில்லை. தீயிலிருந்து தப்பி ஓடிவந்த எந்த உயிரும் பசியாலோ தாகத்தாலோ சாகக் கூடாது, அவ்வளவுதான்.

அதைச் செய்தும் காட்டின. முன்பெல்லாம் தீ ஓய்ந்த காட்டுக்குள் போய்வந்தவர்களுக்குச் சோறு இறங்காது. இப்போது போய்ப் பார்த்தால், கரிந்த புல்வெளியின் ஓரத்தில் மிளாமான் படுத்து நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. எங்கெங்கிருந்தோ வந்து பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், கைதட்டினார்கள். தீ பிடிக்கிற தடவைகள் மட்டும் கோடைக்குக் கோடை கூடிக்கொண்டே போனதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. சாவு குறைந்துகொண்டு வரும்போது தீயை எண்ண யாருக்கு மனசு வரும்? எல்லாரும் வெயில்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் மேல்பாறை எரிந்தது.

பட்டப்பகலில் எரிந்தது. காற்று மட்டும் எதிர்ப்பக்கம் வீசியிருந்தால் ஊர் தப்பித்திருக்கும். சனங்கள் ஓடைக்குள் இறங்கி உயிர் பிழைத்தார்கள். கட்டிப்போட்ட ஆட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போன இருளாயி மட்டும் வரவில்லை. அமுதூர்திகள் சொன்ன நேரத்துக்கு வந்து, எரிகிற குடிசைகளுக்கு நடுவே போர்வைகளைப் போட்டுவிட்டுப் போயின. போர்வைகளும் சேர்ந்து எரிந்தன.

மறுநாளே தீ வைத்ததாகச் சொல்லிப் போலீஸ் சின்னாண்டியைப் பிடித்துக்கொண்டு போனது. அவர் வேங்கைமலையின் தீக்காவலர். செத்துப்போன இருளாயியின் உடன்பிறந்த தம்பி. எந்தத் தீயானாலும் முதல் ஆளாக அங்கே நிற்பவர் அவர்தான். அதையே அவருக்கு எதிராகத் திருப்பினார்கள். தீக்காலம் நீண்டால்தான் காவலருக்கு வேலையும் நீளும் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். முகாமில் தங்கியிருந்த மேல்பாறைக்காரர்களே அதை நம்பினார்கள். சொந்த அக்காளை எரித்தவன் என்று வாய்கூசாமல் பேசினார்கள்.

அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே அவர்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள் வெள்ளையம்மா. முகாமின் சமையல்காரி, சின்னாண்டியின் மகள். காட்டை அடைத்துக்கொண்டு வளரும் உண்ணிச்செடியை வெட்டிக் காயவைத்த விறகுதான் அவளுடைய அடுப்பில் எரியும். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு டாக்டர் அங்கயற்கண்ணியின் அறைக்குள் நுழைந்தாள். அங்கயற்கண்ணி காட்டுவிலங்கு மருத்துவர். அமுதூர்தி அவள் யோசனையில் பிறந்தது. முகாமும் அவள் பொறுப்பில்தான் நடந்தது.

“டாக்டரம்மா, எங்கப்பனைச் சாயந்தரம் கோர்ட்டுக்குக் கொண்டு போயிருவாகளாம். நான் எங்கிட்டுப் போயி முட்டிக்கிறது?”

“இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிட்டேன் வெள்ளையம்மா. அவரு என் பேச்சைக் கேக்கமாட்டேங்கிறாரு.”

“பேசுனா ஆகுமா? அம்புட்டையும் வானத்துல பறக்கவிடுறீகளே, எவன் கொளுத்துனான்னு ஒண்ணுகூடவா பாக்கல?”

“புகை வந்த பிறகுதானே அது கிளம்புது? அது போய்ச் சேர்றதுக்குள்ள கொளுத்துனவன் ஓடிருவான். மரத்துல இருக்கிற மோப்பிக்கு மூக்குதான் உண்டு, கண்ணு கிடையா…”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். போன மாதத்துத் தீக்குப் போன அமுதூர்திகளில் ஒன்று திரும்பவில்லை. மேல்பாறைச் சரிவில் ஏதோ மரத்தில் சிக்கிக்கொண்டது என்று விட்டுவிட்டார்கள். அதன் உடம்பைச் சுற்றி வெயில்தகடு உண்டு. வெயில் படுகிற வரைக்கும் அதன் கண் மூடாது, பார்ப்பதையெல்லாம் பதிந்துகொண்டே இருக்கும்.

தீக்காவலர்கள் இரண்டு பேர் போய் மத்தியானத்துக்குள் அதை இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. ஆனால் கண் பிழைத்திருந்தது. அங்கயற்கண்ணி அதை மார்போடு அணைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டி நல்ல மனிதர்தான், கொஞ்சம் அவசரக்காரர். “வாங்க டாக்டர், ஒங்க ஆளு அக்கா சாவுக்கு அழுதுக்கிட்டே இருக்காரு. அழுறவன் எல்லாம் யோக்கியனா?” என்றார். மூலையில் சின்னாண்டி கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை.

படம் திரையில் வந்தது. ஊர்தி தலைகீழாகத் தொங்கியதால் வானம் கீழே, புல் மேலே. இன்ஸ்பெக்டர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அங்கயற்கண்ணி திருப்பிவிட்டாள். காய்ந்த புல் சரிவு, வெயில், ஆள் நடமாட்டமே இல்லை. வெகு நேரம் கழித்து வலது ஓரத்தில் ஏதோ அசைந்தது. ஒரு குரங்கு. மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த கையில் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் புகை.

“என்ன டாக்டர், பீடி பிடிக்குதா?” என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

குரங்கு உட்கார்ந்தது. சுற்றிலும் கிடந்த காய்ந்த புல்லைக் கையால் வாரி வாரி ஒரு குவியல் சேர்த்தது. கொள்ளியைத் தூக்கியது. குவியலுக்கு மேலே ஒரு சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. பிறகு குவியலுக்குள் செருகியது. தீ பற்றியதும் தள்ளிப் போய் ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்து, வானத்தை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தது.

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் மூன்று சுற்று.

“அது ஏன் டாக்டர் மூணு சுத்து சுத்துது?”

அங்கயற்கண்ணி படத்தை நிறுத்தினாள். “நான்தான் சார் அப்பிடிச் சுத்துவேன்” என்றாள்.

தொடக்கத்தில் அமுதூர்தியின் இரைச்சலைக் கேட்டு விலங்குகள் மிரண்டு, தீக்குள்ளேயே திரும்பி ஓடின. அந்தப் பயத்தைப் போக்கத்தான் வெள்ளிக்கிழமை ஒத்திகை வந்தது. முகாம் முற்றத்தில் வைக்கோலைக் குவித்துப் புகை போடுவார்கள். ஊர்திகள் எழும்பிப் பழம் போடும். சுற்று வட்டாரத்துப் பிராணிகள் எல்லாம் வந்து தின்றுவிட்டுப் போகும். முதல் நாள் லைட்டர் பற்றவில்லை. வெள்ளையம்மாவின் அடுப்பிலிருந்து அங்கயற்கண்ணி ஒரு கொள்ளியை உருவிக்கொண்டு வந்தாள். புது எந்திரம், ஊர்க்கண் படும், சுத்திப் போடுங்க என்று யாரோ சொல்ல, அவளும் சிரித்துக்கொண்டே மூன்று சுற்று சுற்றிப் பற்றவைத்தாள். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. ஊரெல்லாம் கேட்டால் வெட்கமாக இருக்கும், ஆனால் ஒரு வெள்ளிகூட அவள் சுற்றாமல் விட்டதில்லை.

அந்த நாட்களில் அடுப்படிக்குப் பக்கத்துக் கூண்டில் ஒரு பெண்குரங்கு இருந்தது. தீயில் வெந்த கையோடும் பாதி காதோடும் வந்ததால் அதற்கு மூளி என்று பேர் வைத்திருந்தார்கள். அங்கயற்கண்ணிதான் மருந்து போட்டு, ஊட்டிவிட்டுப் பிழைக்கவைத்தாள். மூளிக்கு வேறு வேலை ஏது? அவள் செய்வதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. புண் ஆறியதும் காட்டில் விட்டுவிட்டார்கள். திரையில் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த குரங்குக்கும் பாதி காதுதான்.

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்ச் சின்னாண்டியின் விலங்கைக் கழற்றினார். “மன்னிச்சிருங்கய்யா” என்றார். பிறகு யாரிடம் என்றில்லாமல், “இப்ப நான் யாரு மேல கேஸ் எழுதுறது?” என்று கேட்டார்.

சின்னாண்டி மணிக்கட்டைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. திரையையே பார்த்தார்.

“அப்ப எங்கக்காவ அந்த மூளியா…” என்றவர் அங்கயற்கண்ணியின் பக்கம் திரும்பினார். “அது நீங்க ஊட்டி வளத்ததுல்ல டாக்டரம்மா?”

உயிரோடு இருக்கிற ஒவ்வொரு மிளாவுக்காகவும் அவள் வாங்கிய கைதட்டல் எல்லாம் அந்த அறைக்குள் வந்து காதை அடைத்தது. அவள் அழுதாள். சின்னாண்டி அவளைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை.

அன்றே அமுதூர்திகளின் தானியங்கியை அவள் நிறுத்தினாள். இனிமேல் அவள் அறையில் இருக்கும் பொத்தானை அவள் கை அழுத்தினால்தான் அவை கிளம்பும். ஒரே ஒரு முறை அழுத்தினால் போதும், எல்லாம் ஒன்றாக எழும்பிவிடும். முகாமில் இருந்த எல்லாரையும் கூட்டி வைத்து நடந்ததைச் சொன்னாள். சின்னாண்டியை ஏசியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“புகைக்குப் பழம் கிடையாதுன்னு ஆயிட்டா, கொஞ்ச நாள்ல அதுங்க மறந்துரும்” என்றாள்.

“மறந்துருமா?” என்று கேட்டார் சின்னாண்டி.

“மறந்துரும்” என்றாள், உறுதியாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை வெள்ளையம்மா உலை வைத்திருந்தாள். முற்றத்தைச் சுற்றி மேல்பாறைச் சனங்களின் துணிக் கூடாரங்கள். சிலதுக்குள் பிள்ளைகள் தூளியில் தூங்கின. நாவல் மரத்திலிருந்து மூளி இறங்கியது. தன் வீட்டு அடுப்படிக்கு வருகிற மாதிரி வந்து, விறகு ஒன்றைக் குளிர்ந்த நுனியில் பிடித்து உருவியது. வெள்ளையம்மா அலறினாள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். படத்தைப் பற்றிக் கேட்டது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

ஒத்திகை நடக்கும் இடத்தில் பழைய வைக்கோல் கொஞ்சம் கிடந்தது. மூளி மூன்று சுற்று சுற்றிப் பற்றவைத்தது. உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. கூரைமேல் அமுதூர்திகள் அசையவில்லை. அங்கயற்கண்ணி ஜன்னலுக்குப் பின்னால் பொத்தானுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வைக்கோல் எரிந்து சாம்பலானது. பார், முடிந்தது என்று அவள் மூச்சு விட்டாள்.

விலங்குகளைப் பழக்குவது பற்றி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள் அவள். கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் எந்த உயிரும் உடனே விட்டுவிடாது, முதலில் இன்னும் பலமாகக் கேட்கும் என்பது அந்தப் பாடத்தின் ஆரம்பத்திலேயே வரும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்தப் பாடமும் தேவையில்லை. அவளுக்கு அது அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

மூளி கூரையைப் பார்த்தது. ஜன்னலைப் பார்த்தது. பிறகு மரத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது.

நாவல் மரம் முழுவதும் இறங்கி வந்தது போல இருந்தது. பெரியதும் சிறியதுமாகக் குரங்குகள் எல்லாம் அடுப்பை மொய்த்தன. வெள்ளையம்மா குடத்தோடு ஓடினாள், பல்லைக் காட்டி அவளை விரட்டிவிட்டன. ஆளுக்கொரு கொள்ளியாக உருவிக்கொண்டு சிதறின. ஒன்று விறகுக் குவியலுக்கு, ஒன்று சமையல்கட்டின் ஓலைக் கூரைக்கு, மற்றவை கூடாரங்களுக்கு. சின்னாண்டி கம்பை எடுத்தார். “வேணாம்ணே, ஒண்ணை அடிச்சா மத்ததெல்லாம் கொளுத்திரும்!” என்று யாரோ கத்தினார்கள். கம்பு அந்தரத்தில் நின்றது. தாய்மார்கள் கூடாரங்களைப் பார்த்துப் பாய்ந்தார்கள்.

மூளி ஒரு கூடாரத்தின் ஓரத்தில் போய் நின்றது. உள்ளே தூளி ஆடுவது துணிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. அது கொள்ளியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றியது. ஜன்னலைப் பார்த்தது.

இரண்டாவது சுற்று. மறுபடியும் ஜன்னலைப் பார்த்தது.

“போடுங்கம்மா!” என்று சின்னாண்டி தொண்டை கிழியக் கத்தினார். “அந்தப் பழத்தப் போட்டுத் தொலைங்க!”

அவர் சொல்லி முடிக்கும் முன்பே அங்கயற்கண்ணியின் கை பொத்தானை அழுத்திவிட்டது. அழுத்துவது என்று அவள் முடிவுகூட எடுக்கவில்லை, கை தானாகப் போனது. கூரை இரைந்தது. ஊர்திகள் எழும்பின. வாழைப்பழமும் கிழங்கும் முற்றமெங்கும் விழ, குரங்குகள் கொள்ளிகளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அள்ளித் தின்றன. சனங்கள் ஓடி ஓடி மண்ணைப் போட்டு நெருப்பை மிதித்தார்கள். வெள்ளையம்மா பிள்ளையைத் தூளியோடு அறுத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மூளி மட்டும் ஒரு கையால்தான் தின்றது. மற்றக் கை கொள்ளியை விடவில்லை. அது அணைந்துபோனதும், பாதிப் பழத்தை வாயில் கவ்விக்கொண்டு நிதானமாக அடுப்படிக்குப் போய் வேறொன்றை உருவிக்கொண்டது. பிறகு திரும்பி வந்து, ஜன்னலுக்கு நேர் எதிரே, அங்கயற்கண்ணியைப் பார்த்தபடி உட்கார்ந்தது.