மூன்றாம் கியர்

நியூட்ரலில் விட்டுப்போன கியர் தண்டு, அவர் மதியம் சாப்பிட்டுத் திரும்பியபோது நான்காவதில் நின்றது.

கொட்டகைச் சாவி அவர் பையில்தான் இருந்தது. கார், சக்கரங்கள் தரையில் படாமல் மரக்கட்டைகள் மேல் ஏறி நின்றது. வயதாகிவிட்டது, மறந்திருப்போம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் ஆள் அவர் இல்லை. ஆலையில் இயந்திரப் பிரிவுக்கு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தண்டை நியூட்ரலுக்குத் தள்ளினார். குமிழ் ஈரமாக இருந்தது. ஏரியிலிருந்து தூக்கி வந்த காரை வெயிலில் போட்டிருந்ததில் சீட்டுத் துணிகூட மொடமொடவென்று காய்ந்திருந்தது. குமிழில் மட்டும் ஈரம். விரலை முகர்ந்து பார்த்தார். பாசி வாடை. கந்தல் துணியில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

மகன் இதே கொட்டகையில் கட்டிய கார் அது. குழாய்களை வெட்டி வெல்டு வைத்துச் சட்டம் செய்து, ஒரு வண்டியின் எஞ்சினையும் வேறொரு வண்டியின் கியர்பாக்ஸையும் பொருத்தியிருந்தான். அப்பா அதற்குக் ‘கலப்படம்’ என்று பெயர் வைத்திருந்தார். உன் கலப்படம் இன்றைக்காவது வாசலைத் தாண்டுமா என்று சாப்பாட்டு மேஜையில் கேட்பார். மகன் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போவான். ஒருநாள் தாண்டியது. ஏரிக்கரைச் சரிவில் இறங்கி, வளைவில் திரும்பாமல் நேராகத் தண்ணீருக்குள் போனது. தூக்கி எடுத்தபோது தண்டு நான்காவதில் இருந்தது.

துக்கம் கேட்க வந்த சம்பந்தி அதைத்தான் பிடித்துக்கொண்டார். அந்தச் சரிவில் வெறும் பிரேக்கை நம்பி யாரும் இறங்குவதில்லை, கியரை மூன்றாவதுக்குக் குறைத்து, எஞ்சினின் பிடியில்தான் இறங்குவார்கள். குறைக்காதவன் நிற்க நினைக்காதவன் என்றார். என் பெண்ணோடு என்ன மனக்கசப்போ என்றும் இழுத்தார். வந்திருந்தவர்கள் எல்லோர் காதிலும் அது விழுந்தது.

“எங்க வீட்ல யாரும் அப்படிப் போனதில்ல,” என்றார் இவர். “மூணாவது கியர் விழுந்திருக்காது. பிரிச்சுக் காட்டுறேன், வந்து பாருங்க.”

சம்பந்தி நாளைக் காலை ஒரு மெக்கானிக்கோடு வருகிறார்.

இவர் முறைப்படிதான் சோதித்தார். எஞ்சின் ஓடாத நிலையில் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி எல்லாம் விழுந்தன. கிளட்ச் கம்பி அறுபடவில்லை, தட்டு தேயவில்லை. அடி மூடியைத் திறந்தபோது தண்ணீர் கலந்து பால்போல வெளுத்த எண்ணெய் சட்டியில் சொட்டியது. உடைந்த இரும்பின் மினுக்கம் அதில் துளியும் இல்லை. கடைசியில் கியர்பாக்ஸையே இறக்கி மேஜைமேல் வைத்துப் பிரித்தார். கியரை நகர்த்தும் கவை வளையவில்லை. பித்தளை வளையங்களின் வரிகள் புதிதாகவே இருந்தன. மகன் ஒவ்வொன்றையும் கழுவி, அடையாளப் புள்ளி குத்தி, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார வைத்திருந்தான். இவ்வளவு சுத்தமான வேலையை ஆலையில் அவர் பார்த்ததில்லை. அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றி, வீட்டுப் பக்கம் பாதி திரும்பிவிட்டார்.

குறை எதுவும் இல்லை.

பின்னால் காரில், எதோடும் இணைப்பில்லாத தண்டு தளர்ந்து சாய்ந்திருக்க வேண்டும். நான்காவதில் விறைத்து நின்றது. அவர் பார்க்காதவர்போலத் திரும்பிக்கொண்டார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மருமகள் தேநீர் கொண்டுவந்தாள். மேஜையில் இருந்ததையும், அவர் கையிலிருந்த உளியையும் சுத்தியலையும் பார்த்தாள். கேட்காமலே புரிந்துகொண்டாள்.

“அவர் கையால செஞ்சது மாமா.”

“குத்தம் இதுல இருந்தா, அவன்கிட்ட இல்லன்னு ஆயிடும்மா. உன் மேலயும் பேச்சு வராது.”

“சாயங்காலம் சீக்கிரம் வந்துடுறேன்னுதான் சொல்லிட்டுப் போனார்,” என்றாள். “எனக்கு எதுலயும் குத்தம் வேண்டாம்.”

கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய செருப்புச் சத்தம் முற்றத்தைக் கடந்து, வீட்டுக்குள் நுழைந்து அடங்கும்வரை அவர் காத்திருந்தார். தகரக் கூரை வெயில் தணிந்து முனகியது. எண்ணெய் நெடிக்கு நடுவே பாசி வாடை மறுபடி எழுந்தது.

மூன்றாம் கியரின் ஓரத்தில் சிறு பற்கள் வரிசையாக இருந்தன. அவை இருந்தால்தான் மூன்றாவது பிடிக்கும். உளியை வைத்தார். வாழ்நாளில் நல்ல வேலை ஒன்றைக் கெடுத்தறியாத கை சுத்தியலை ஓங்கியது.

அடித்தார்.

பல் தெறித்துச் சட்டியில் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. பாதி வட்டம் மொட்டையானதும் நிறுத்தினார்.

பின்னால் ஸ்பிரிங் ஒன்று மெல்லக் கிரீச்சிட்டது.

திரும்பினார். காருக்குள் கிளட்ச் பெடல் தரைவரை இறங்கியிருந்தது. தண்டு நான்காவதை விட்டுக் கிளம்பி நியூட்ரலுக்கு வந்தது. நிதானமாக, பழகிய கை நகர்த்துவதுபோல. அங்கிருந்து முன்னால் போனது. மூன்றாவதுக்கு.

கர்ர்ர்ர்.

கியர்பாக்ஸ் இல்லாத காருக்குள்ளிருந்து அந்த அரைபடும் சத்தம். தண்டு உதறிப் பின்வாங்கியது. பெடல் எழும்பியது. மறுபடி இறங்கியது. மறுபடி மூன்றாவதுக்கு. கர்ர்ர்ர்.

இப்போது அதில் நிதானம் இல்லை. அவசரம். பெடல் தடதடத்தது. தண்டு முன்னால் முட்டியது, முட்டியது, முட்டியது. மேஜைமேல், உடைந்த கியர் தானாக அதிர்ந்துகொண்டிருந்தது.

மகன் குறைக்கப் பார்க்கிறான்.

இப்போதுதான் சரிவில் இறங்குகிறான்.

அவர் சட்டிக்குள் கையை விட்டார். வெளுத்த எண்ணெயில் துழாவி, உடைந்த பற்களைப் பொறுக்கினார். கியரின் மொட்டை விளிம்பில் வைத்து அழுத்தினார். வழுக்கின. விழுந்தன. மறுபடி வைத்தார். விரல் கிழிந்தது.

கர்ர்ர்ர்.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார். கார்க் கதவைப் பிடுங்கித் திறந்து, மகன் வாழ்ந்த நாளில் தான் ஒருமுறையும் ஏறாத அந்தக் காரில் ஏறினார். இரண்டு கையாலும் குமிழைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

“விழும்டா. அழுத்து. நானும் தள்ளுறேன்.”

அவர் கைமேல் ஈரமான ஒரு கை வந்து அமர்ந்தது. சில்லென்று. அவரோடு சேர்ந்து அதுவும் தள்ளியது.

விழவில்லை.

காருக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கணுக்கால். முழங்கால். கைமேல் இருந்த கை இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருந்தது, அப்பா தள்ளுகிறார் என்ற நம்பிக்கையில்.